நன்றி அறிதல்: பெனடிக்டின் கன்னியர் மடத்தின் அன்றாட வாழ்வு தரும் பாடம்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குக் கத்தோலிக்கக் கன்னியர் புதியவர் அல்லர். 1852இல் பினாங்கிற்கும் 1854இல் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர் தொடங்கிய 'கான்வென்ட்' பள்ளிகளில் நம் பாட்டிமாரும் தாய்மாரும் பலர் படித்திருக்கின்றனர். அவர்கள் கல்விப்பணிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். இதற்கு மாறாக, ஒரே மடத்தில் சேர்ந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே முதுமை அடையும் கன்னியர் மரபு ஒன்றும் உண்டு. அதுவே பெனடிக்டின் மரபு. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பெனடிக்டை 'ஆசீர்வாதப்பர்' என்றும் அழைப்பர்.

இம்மரபைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது நம் மொழியின் ஒரு சொல். இன்று 'நன்றி' என்பது பேருரையின் முடிவில் சொல்லும் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஆனால், பழந்தமிழில் நன்றி என்றாலே நன்மை என்பதுதான் பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அதாவது, பிறர் நமக்குச் செய்த நன்மையை அறிதல். எனவே நன்றி என்பது சொல்வதற்கு முன் அறியப்பட வேண்டிய ஒன்றாகிறது. அப்படியானால் அந்த அறிவு மனிதனுக்கு எவ்வாறு வாய்க்கிறது? அறிவுரையால் வாய்க்கிறதா, வாழும் முறையால் வாய்க்கிறதா? பெனடிக்டின் மடத்தின் அன்றாட வாழ்வை இக்கேள்வியோடு அணுகுவதே என் நோக்கம்.

விதிநூலும் மடமும்

புனித பெனடிக்ட் ஏறத்தாழ 480இல் இத்தாலியின் நூர்சியாவில் பிறந்தவர். மோந்தே கசீனோ மலையில் மடம் அமைத்து, துறவியர்க்கென ஒரு விதிநூலை எழுதினார். முன்னுரையும் 73 இயல்களும் கொண்ட சிறு நூல் அது. ஆண் துறவியர்க்காக எழுதப்பட்டதாயினும், பெண் துறவியரும் பல நூற்றாண்டுகளாக அதனையே பின்பற்றி வருகின்றனர். பெனடிக்டின் உடன்பிறந்தவரான புனித ஸ்கொலாஸ்திக்காவைத் தம் முன்னோடியாக அவர்கள் போற்றுகின்றனர்.

இம்மரபின் மடங்களுள் ஒன்று ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில், ரூடஸ்ஹைம் நகருக்கு அருகே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஐபிங்கன் மடம். இதன் வேர் 1165ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இசைப்பாடல்களும் இறைக்காட்சி நூல்களும் மருத்துவக் குறிப்புகளும் எழுதிய புனித ஹில்டகார்ட் (1098-1179) என்னும் துறவியே இதனை நிறுவினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாணையால் மூடப்பட்ட இம்மடம், 1904இல் பிராகு நகரிலிருந்து வந்த கன்னியரால் புதிய கட்டடத்தில் மீண்டும் உயிர்பெற்றது. 2012இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஹில்டகார்டைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

ஒரு நாளின் அமைப்பு

பெனடிக்டின் வாழ்வை 'செபமும் உழைப்பும்' என்ற தொடரால் குறிப்பது வழக்கம். இத்தொடர் விதிநூலில் இல்லை, பிற்காலத்தில் உருவானது. விதிநூல் வகுத்த நாளில் மூன்று கூறுகள் உள்ளன: செபம், வாசிப்பு, கைவேலை.

செபம் என்பது பெரும்பாலும் திருப்பாடல்களைப் பாடுவதாகும். வாரத்திற்கு 150 திருப்பாடல்களையும் பாடி முடிக்க வேண்டும் என்று விதிநூல் கூறுகிறது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர், பல மடங்கள் வேளைகளைக் குறைத்தும் பாடல்களை அதிக நாட்களுக்குப் பகிர்ந்தும் அமைத்துக்கொண்டன. எனினும், மணியோசை கேட்டதும் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கோவிலுக்குச் செல்லும் ஒழுங்கு மாறவில்லை. இரவுச் செபத்திற்குப் பின் மௌனம்.

வாசிப்பு என்பது தேர்வுக்குப் படிப்பது போன்றதன்று. மறைநூலின் சிறு பகுதியை மெல்ல மெல்லப் படித்து மனத்தில் அசைபோடுதல். உணவு வேளையிலும் ஒருவர் வாசிக்க, மற்றவர் பேசாமல் உண்பர். 'உப்பை இப்படிக் கொடுங்கள்' என்பதைக்கூடச் சைகையால்தான் கேட்க வேண்டும்.

கைவேலையே மடத்துக்குச் சோறு போடுகிறது. ஐபிங்கன் கன்னியர் தம் தோட்டத்தில் திராட்சை பயிரிட்டு ஒயின் தயாரிக்கின்றனர். கலைக்கூடம், விருந்தினர் இல்லம், விற்பனைக்கூடம் ஆகியவற்றிலும் பணியாற்றுகின்றனர். மடத்துக் கருவிகளையும் பாத்திரங்களையும் பலிபீடத்துக் கலங்களைப் போலவே மதிக்க வேண்டும் என்று 31ஆம் இயல் பண்டகப் பொறுப்பாளருக்குச் சொல்கிறது. மண்வெட்டிக்கும் அகப்பைக்கும் அந்த மதிப்பு உண்டு. அதே இயலில் இன்னொரு கருத்தும் உண்டு. கேட்டவருக்குக் கொடுக்கப் பொருள் இல்லையென்றால், ஒரு நல்ல சொல்லையாவது கொடுக்க வேண்டும். 'இனியவை கூறல்' படித்த நமக்கு இது அயலானதாகத் தோன்றாது.

சமையலறையும் முணுமுணுப்பும்

நன்றியைப் பற்றிய விதிநூலின் சிந்தனை மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் சமையலறை என்பது என் கருத்து. 35ஆம் இயலின்படி, நோயுற்றோரும் பெரும் பொறுப்பில் உள்ளோரும் நீங்கலாக, அனைவரும் வாரமுறைப்படி சமையலறையில் பணிபுரிய வேண்டும். வார இறுதியில், பணி முடித்தவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பணி முடிப்பவரும் பணி ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவுவர். ஞாயிறு காலையில் இருவரும் கோவிலில் அனைவரிடமும் செபம் வேண்டுவர். முடித்தவர் தமக்குத் துணைநின்ற இறைவனைப் போற்றுவார். ஏற்பவர் இறைவனின் உதவியை நாடுவார்.

இவ்வொழுங்கின் பயன் யாது? இன்று கஞ்சியைக் குடிப்பவர் அடுத்த வாரம் அதே அடுப்பின் முன் நிற்பார். பரிமாறுபவரின் கைவலி அவருக்குத் தெரியும். செய்ந்நன்றியை 'அறிதல்' என்பது இங்கே உடலால் அறிதலாகிவிடுகிறது.

அதே இயலில் மிகச் சிறிய ஒரு விதி உண்டு. பரிமாறுவோருக்கு உணவு வேளைக்கு முன்னதாகவே கொஞ்சம் ரொட்டியும் பானமும் கொடுத்துவிட வேண்டும். காரணம், அவர்கள் முணுமுணுக்காமல் பணி செய்ய வேண்டுமாம். பசியோடு நின்று பிறருக்குப் பரிமாறுபவரிடம் புன்னகையை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதைப் பெனடிக்ட் உணர்ந்திருந்தார்.

முணுமுணுப்பைப் போல் விதிநூல் கடுமையாகக் கண்டிக்கும் குற்றம் வேறு சிலவே. ஆனால், அதைக் கண்டித்ததோடு அவர் நிற்கவில்லை. சமைத்த உணவு இரண்டு வகை இருக்கட்டும், ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்ணட்டும் என்கிறார். விருந்தினர் மிகுந்தால் சமையலறைக்குக் கூடுதல் ஆள் தரச் சொல்கிறார். ஒவ்வொருவருக்கும் உடை, கத்தி, எழுத்தாணி, ஊசி, கைக்குட்டை, எழுதுபலகை ஆகியவற்றைத் தலைவரே வழங்க வேண்டும் என்கிறார். உணவு வேளையை அமைக்கும்போது, நியாயமான முணுமுணுப்புக்கு இடமில்லாதபடி அமைக்க வேண்டும் என்கிறார். 'நியாயமான முணுமுணுப்பு' என ஒன்று உண்டு என்பதையே அவர் இதனால் ஒப்புக்கொள்கிறார்!

அதன் பிறகே நன்றி பேசப்படுகிறது. எல்லாருக்கும் சமமாக அன்று, தேவைக்கேற்பவே கொடுக்க வேண்டும் என்பது 34ஆம் இயல். குறைவாகத் தேவைப்படுவோர் இறைவனுக்கு நன்றி கூறட்டும், வருந்த வேண்டாம். அதிகம் தேவைப்படுவோர் தம் வலுவின்மையை எண்ணித் தாழ்மை கொள்ளட்டும் என்கிறது அது. வாயிலில் யாராவது தட்டினாலும், ஏழை குரல் கொடுத்தாலும், வாயிற்காப்பாளர் முதலில் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது 66ஆம் இயல். வந்தவர் என்ன கேட்கப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே நன்றி! நம் வள்ளுவர் 'விருந்தோம்பல்' அதிகாரத்தை அடுத்தடுத்து 'இனியவை கூறல்', 'செய்ந்நன்றி அறிதல்' என வைத்த வரிசையை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

நன்றி பறிக்கப்பட்ட காலங்கள்

மடத்து நன்றியுணர்வு அமைதியான சூழலில் மட்டும் விளைந்ததன்று. 1178இல், ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒருவர் ரூபர்ட்ஸ்பெர்க் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இதுவும் ஹில்டகார்ட் நிறுவிய மடமே. உடலைத் தோண்டியெடுக்குமாறு மைன்ஸ் நகரத் திருச்சபைத் தலைவர்கள் ஆணையிட்டனர். இறந்தவர் முன்பே ஒப்புரவாகிவிட்டார் என்று கூறி ஹில்டகார்ட் மறுத்தார். தண்டனையாக, கன்னியர் திருப்பலியில் நற்கருணை பெறவும் செபங்களைப் பாடவும் தடை விதிக்கப்பட்டது. அவர்கள் கதவை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் வாசிக்க மட்டுமே முடிந்தது. எண்பது வயதை எட்டியிருந்த ஹில்டகார்ட் தடைக்குப் பணிந்தார்; ஆனால் வாய்மூடி இருக்கவில்லை. இறைப்புகழைப் பாடும் குரலை நியாயமின்றி அடக்குவோர் விண்ணகப் புகழ்ப்பாடலில் பங்கு பெறமாட்டார் என எச்சரித்துக் கடிதம் எழுதினார். 1179இல் தடை நீங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். நன்றி பாடுவதற்காகவே ஒருவர் போராட வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மற்றொன்று நம் காலத்திற்கு நெருக்கமானது. ஹில்டகார்டின் 'ஸ்கிவியாஸ்' நூலுக்கு 35 ஓவியங்கள் கொண்ட ஒரு பழம்பெரும் கைப்படி இருந்தது. 1927 முதல் 1933 வரை ஐபிங்கன் கன்னியர் அதனைப் பார்த்துக் கையாலேயே எழுதியும் வண்ணம் தீட்டியும் ஒரு படியை உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது, பாதுகாப்புக்கென டிரெஸ்டனுக்கு அனுப்பப்பட்ட மூலநூல் போர் முடிவில் காணாமற்போனது. 1941இல் கன்னியரையும் நாஜிக் காவல்துறை மடத்தைவிட்டு வெளியேற்றியது. 1945இல்தான் அவர்கள் திரும்பினர். மூலத்தின் வண்ணங்களை உலகம் இன்று அறிவது அவர்களின் படியினால்தான். பெற்ற நன்மையை அறிந்து, ஆறாண்டுகள் கையால் உழைத்துப் பேணியதன் பயன் இது. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தவர்களால் சங்க நூல்களைப் பெற்ற நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

முடிவுரை

'இக்காலத்து இளையோருக்கு நன்றி இல்லை' என்ற குறை நம் சமுதாயத்தில் அடிக்கடி கேட்கும் ஒன்று. 'நன்றி கெட்டவன்' என்ற வசை பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே வீசப்படுவதையும் நாம் காண்கிறோம். முதலாளி தொழிலாளியை நோக்கியும், மூத்தோர் இளையோரை நோக்கியும் கூறுவது அது. பெனடிக்டின் மடம் இதைத் திருப்பிப் போடுகிறது. நன்றியை எதிர்பார்ப்பவர் முதலில் நியாயமான முணுமுணுப்புக்கான காரணங்களை நீக்க வேண்டும். பிறர் வேலையைத் தாமும் முறைவைத்துச் செய்ய வேண்டும். நன்றி அதன் பின்னரே மலரும்.

மாணவர் இயக்கங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நம் தமிழ் விழாக்களில் மேடையேறுவோர் பெயர்கள் நன்றியுரையில் தவறாமல் இடம்பெறுகின்றன. விழா முடிந்த இரவில் நாற்காலிகளை அடுக்குபவரும், உணவுப் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தமக்கு எதுவும் மிஞ்சாமல் நிற்பவரும் ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாலும் அதே சிலராகவே இருக்கின்றனர். அவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி சேர்ப்பது நல்லதே. அதைவிட நல்லது, அவர்களை முதலில் உண்ணச் செய்வதும், அடுத்த விழாவில் செயலவையினரே நாற்காலிகளை அடுக்குவதும் ஆகும். அப்போது செய்ந்நன்றியை நாம் உண்மையிலேயே அறிவோம்.