விளையாட்டுக் கூட்டமும் ஐக்கிய உணர்ச்சியும்

அறுவடை முடிந்து களத்து வேலை ஓய்ந்தபின் கிராமவாசிகளுக்குச் சிறிது அவகாசம் கிடைப்பது யாவரும் அறிந்ததே. அவ்வவகாசம் வீண் வம்பிலும் பணம் வைத்தாடும் சீட்டிலும் கழியுமாயின், களத்தில் சேர்ந்த நெல் திண்ணையில் கரைந்துபோகும். ஆதலின், விளையாட்டில் விருப்பமுள்ளோர் மாதந்தோறும் பௌர்ணமி மாலையில் ஓரிடத்தில் கூடி ஆடுவதற்கு ஏற்பாடு செய்தல் சங்க அங்கத்தினர்க்குத் தகுந்த பணியாகும்.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டுவதில்லை. தரையில் கோடு கிழிக்கச் சுண்ணாம்புக் கட்டியும், காய்களாகப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் போதும். பெரியோர்க்குத் தாயமும் ஆடு புலி ஆட்டமும், பெண்மக்களுக்குப் பல்லாங்குழியும், இளைஞர்க்குச் சடுகுடுவும் உள்ளன. நம் களத்துமேட்டுச் சடுகுடு அற்பமானதன்று. அவ்வினத்தைச் சேர்ந்த கபடி, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது.

ஆடு புலி ஆட்டத்தை அங்கத்தினர் சிறிது ஊன்றி நோக்குதல் வேண்டும். வழக்கமான அரங்கில் 23 புள்ளிகளும், 3 புலிகளும், 15 ஆடுகளும் உண்டு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். யாவற்றையும் வைத்து முடியும்வரை வைத்த ஆட்டை நகர்த்தலாகாது. அருகிலுள்ள ஆட்டுக்கு அப்பால், அதே கோட்டில் உள்ள புள்ளி வெறுமையாயிருப்பின், புலி அவ்வாட்டைத் தாண்டி வெட்டிவிடும். அப்புள்ளியில் மற்றோர் ஆடு நிற்குமாயின் புலி தாண்ட இயலாது. ஆடு புலியை வெட்ட வல்லதன்று. எனினும் பின்னால் ஒன்றுக்கொன்று துணை நின்று, மூன்று புலிகளையும் நகரவொட்டாமல் அடைத்து வெற்றி பெறுகின்றது. ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் சங்கத்தின் தத்துவமும் இதுவேயன்றோ?

கூட்டம் நடத்துவோர் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வாராக:

1. பந்தயம் எவ்வுருவிலும் கூடாது. இன்று தேங்காயில் தொடங்குவது நாளை கடன் பத்திரத்தில் முடியும்.

2. எத்தனை ஆடு வெட்டுண்டால் புலிக்கு வெற்றி என்பது போன்ற விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆட்டம் தொடங்குமுன்பே அவற்றை முடிவு செய்துகொண்டால் பூசல் எழாது.

3. எந்தத் தெருவினரும் ஒரே தரையில் சமமாக அமர்தல் வேண்டும். ஒருவரை ஒதுக்கி நடத்தும் கூட்டம் ஐக்கியக் கூட்டமாகாது.

4. முதியோர் அறிந்த முறைகளைப் பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத விதி அறிந்தவரோடு மறைந்துவிடும்.

5. விளக்கு முதலிய செலவுக்குச் சங்க நிதியைத் தொடாமல், வந்தவர் தரும் சிறு தொகையைக்கொண்டு நடத்திக் கணக்கை அன்றே படித்துக் காட்டுக.

தோற்றவன் முகம் வாடாமல் மறுமாதமும் வந்து அமர்வானாயின், அக்கூட்டம் பயன்பட்டதென்று அறியலாம். ஆட்டத்தில் ஒருவரையொருவர் நம்பக் கற்றவர், சங்கத்தின் மகாசபையிலும் மாறுபட்ட கருத்தைப் பொறுமையுடன் கேட்பர்.