பழைய தோழர்க்கு எதிராக

தாராவிச் சந்துகளில் பந்து உதைக்கும் சிறுவர்க்கு நந்தகுமார் சேகர் அயலார் அல்லர். சென்னையைச் சேர்ந்த தமிழர். 2023 ஏப்ரலில் ஒடிசா அணிக்காக ஆடிச் சூப்பர் கோப்பையை வென்ற அவர், பின்னர்க் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு மாறினார்.

ஆகஸ்டு 12 அன்று, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல், அவ்வணியிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்ற கதையை முடித்தது. அரையிறுதியில் இரண்டு கோல் பின்தங்கிய தம் அணியை, ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தைத் தலையால் முட்டிக் காத்தவரும் அவரே. ஆயினும் செப்டம்பர் 3 அன்று நடந்த இறுதிப்போட்டியில் அதே மோகன் பகான் 1-0 என வென்றது. சிவப்பு அட்டையால் ஒருவரை இழந்து, பத்துப் பேருடன் ஆடியே வென்றது! இத்தகைய தோல்வி எளிதில் ஆறாது.

2024 ஜனவரி 28, புவனேசுவரம். சூப்பர் கோப்பை இறுதிப்போட்டியில் எதிரே நின்றது அவருடைய பழைய ஒடிசா அணி. முதல் கோல் ஒடிசாவுக்கு. அதைச் சமன்செய்தவர் நந்தகுமார். கூடுதல் நேரத்தில் கிளெய்ட்டன் சில்வா அடித்த கோலால் ஈஸ்ட் பெங்கால் 3-2 என வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவ்வணிக்குக் கிடைத்த தேசியக் கோப்பை அது.

சிந்தனை வினா: பழைய தோழர்க்கு எதிராகக் கோல் அடித்த நொடியில் நந்தகுமாரின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.