பழைய மோட்டார் சைக்கிள்: பெற்றோல் எங்கே நிற்கிறது?



கொழும்பு ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்கிற நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி மலைக்கு வந்ததும் இருமுகிறது. ஏற்றத்தில் இழுக்க மாட்டேன் என்கிறது. பிறகு லயத்து வாசலில் நாள் கணக்கில் நிற்கிறது.

உடனே ஆளுக்கொரு யோசனை வரும். "காபரேட்டர் போச்சு, புதுசு போடு" என்பார் ஒருவர். புதுக் காபரேட்டர் என்றால் பல நாள் பேர் அதற்கே போய்விடும். போட்ட பிறகும் வண்டி ஓடாவிட்டால் என்ன செய்வது? இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அந்த வண்டிதானே நமக்கு இருக்கிறது. ஆகவே காசைச் செலவழிக்கு முன் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பழகுவோம்.

பீலியில் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்கிறோம்? ஊற்றுக்கண்ணில் தொடங்கி, பைப் வழியே நடந்து பார்க்கிறோம். பழைய மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். டேங்க் மேலே, எஞ்சின் கீழே. பெற்றோல் தன் பாரத்தினாலேயே இறங்குகிறது. டேங்க், டேப், குழாய், காபரேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை

பெற்றோலின் ஆவி காற்றை விடப் பாரமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். இஸ்தோப்பில் வண்டியைக் கழற்றினால், ஆவி காம்பராவுக்குள் போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். குப்பி லாம்பு, பீடி, சிகரெட் எதுவும் கிட்ட வரக்கூடாது. எஞ்சின் சூடு ஆறிய பிறகு, வெளியே, பகல் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். மணல் போட்டால் அடங்கும்.

1. பிளக்கைக் கேளுங்கள்

சோக்கைப் போட்டு ஐந்தாறு முறை உதையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெற்றோல் வாசம் வந்தால் பெற்றோல் வந்து சேர்கிறது. கோளாறு பெரும்பாலும் நெருப்புப் பொறியில்தான். பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. அப்போது கீழே உள்ளபடி தொடருங்கள்.

2. டேங்க் மூடி

மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் உண்டு. பெற்றோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். துவாரத்தில் சேறு அடைத்தாலோ, மழைக்காக மூடியைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டினாலோ வண்டி கொஞ்சத் தூரம் ஓடி நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே கிளம்பினால் நோய் தெரிந்துவிட்டது. துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும். ஒரு சதமும் செலவில்லை.

3. டேப்பும் குழாயும்

காபரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, கண்ணாடிப் போத்தல் ஒன்றில் விடுங்கள். டேப்பைத் திறந்தால் பெற்றோல் விடாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் சல்லடையில் துருவும் அழுக்கும் அடைத்திருக்கும். 'ரிசேர்வ்' பக்கம் திருப்பினால் ஓடி, சாதாரணப் பக்கத்தில் ஓடாவிட்டால் டேங்கில் பெற்றோல் மட்டம் குறைந்திருக்கலாம், அதையும் பாருங்கள். குழாய் மடிந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

போத்தலை அசைக்காமல் ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக உருண்டு நிற்பது தண்ணீர். தண்ணீர் பெற்றோலை விடப் பாரமானது என்பதால் அடியில் தங்கும். நம் மலைநாட்டு மழையிலும் பனியிலும் இது சாதாரணம். பாதி டேங்கோடு பல நாள் வண்டி நின்றால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிரில் தண்ணீராகப் படியும். டேங்கைக் கழற்றி முழுவதும் வடித்து விடுங்கள்.

4. காபரேட்டர்

குழாயில் பெற்றோல் நன்றாக வந்தால்தான் காபரேட்டரைத் தொட வேண்டும். அதன் கிண்ணத்துக்கு அடியில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். டேப்பைத் திறந்து வைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பெற்றோல் விடாமல் வந்தால் கிண்ணம் வரைக்கும் வழி சுத்தம். கொஞ்சம் வந்து நின்றால் மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாறாக, வண்டி நிற்கும்போதே காபரேட்டரில் இருந்து பெற்றோல் வழிந்தால் ஊசி மூடவில்லை. இது தீ ஆபத்து. டேப்பை உடனே அடையுங்கள்.

கிண்ணம் நிறைந்தும் வண்டி ஓடாவிட்டால் ஜெட்டைப் பாருங்கள். சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் சின்ன ஜெட் அடைத்திருக்கலாம். மெதுவாக ஓடி, ஏற்றத்தில் இழுக்காவிட்டால் பெரிய ஜெட்டைச் சந்தேகியுங்கள். கம்பியால் குத்த வேண்டாம். ஜெட்டின் துவாரம் மயிரளவு பெரிதானாலும் கணக்குக் கெட்டுவிடும். பெற்றோலில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். காற்று ஸ்க்ரூவைக் கழற்றுமுன், உள்ளே மெதுவாக முடுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது அந்தக் கணக்கு வேண்டும்.

நின்ற வண்டிக்குத்தான் இந்த நோய் அதிகம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். அந்த ஜூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். எத்தனையோ வண்டிகள் மூலையில் நின்றன. நிற்கிற வண்டியின் கிண்ணத்தில் பெற்றோல் ஆவியாகி, பிசின் மட்டும் மிஞ்சும். அது ஜெட்டை அடைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதென்றால் டேப்பை அடைத்துக் கிண்ணத்தை வடித்து விடுங்கள்.

5. கொழும்பில் ஓடியது, இங்கே ஏன் இழுக்கவில்லை?

எல்லாம் சரி, ஆனாலும் கறுப்புப் புகை வருகிறது, பிளக் கரி பிடிக்கிறது என்றால் பெற்றோல் குறைவல்ல, கூடுதல். ஜிந்துப்பிட்டி கடல் மட்டத்துக்குப் பக்கம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக் காற்றுக்குச் செட் பண்ணிய காபரேட்டர், இங்கேயும் கிட்டத்தட்ட அதே அளவு பெற்றோலைத்தான் கொடுக்கிறது. எரிக்கக் காற்றுத்தான் போதவில்லை. முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால், கராஜ் பாஸிடம் சொல்லிச் சற்றுச் சின்ன ஜெட் போடலாம். உயரத்தில் இழுவை கொஞ்சம் குறைவது இயல்பு. அதற்காகப் புதுச் சாமான் வாங்க வேண்டாம்.

சாமான் வாங்கும்போது

வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர் போன மருதானைப் பஞ்சிகாவத்தை, ஜிந்துப்பிட்டியில் இருந்து தூரமில்லை. அங்கே வேலை செய்யும் தம்பியிடம் "ஜெட் ஒன்னு வாங்கி அனுப்பு" என்று மட்டும் சொன்னால் போதாது. ஜெட்டில் ஒரு இலக்கம் பொறித்திருக்கும். அந்த இலக்கத்தையும் வண்டியின் மொடலையும் எழுதி, பழைய ஜெட்டையும் கடதாசியில் சுற்றி அனுப்புங்கள். பொருத்தமில்லாத சாமான் வந்தால் காசும் வீண், நாளும் வீண்.

வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் டேப்பை அடைப்பது எப்படி என்று அவர்களுக்கும் காட்டுங்கள். பெற்றோல் வாசம் வந்தால் அடுப்பு மூட்டக் கூடாது. கதவைத் திறந்து வைத்து, வண்டியை வெளியே தள்ள வேண்டும்.

பயிற்சிக் கேள்விகள் (வீட்டில் சேர்ந்து பேசிப் பாருங்கள்)

அ. வண்டி சந்தி வரை ஓடி நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது. முதலில் எதைத் திறப்பீர்கள்?

ஆ. போத்தலில் பெற்றோல் நன்றாக ஒழுகுகிறது, பிளக் காய்ந்திருக்கிறது. அடுத்து எங்கே பார்ப்பீர்கள்?

இ. பிளக் நனைந்திருக்கிறது. "புதுக் காபரேட்டர் போடு" என்று சொல்கிறவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?