பிழைகாண் கருவியும் புதுவழக்கும்

பிழையற்ற பதிப்புக்குப் பெயர்பெற்றவர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய நாவலர் பெருமான். அவர் வழிவந்த நாம் கணினி நிரல் எழுதுமிடத்தும் அவ்விழிப்பைக் கைவிடலாகாது. யாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதிய நிரலை ஒப்புநோக்கிப் பிழைகாட்டுவது, 2013இல் தோன்றிய இஎஸ்லின்ற் என்னுங் கருவி.

அம்மொழியின் இலக்கணத்தில் ‘வகுப்பு’ 2015இல் இடம்பெற்றது. வகுப்பினுள் நேரே புலங்களை அறிவிப்பதும், பெயர்முன் # குறியிட்டு அவற்றை அகத்தே காப்பதும் 2022இல் ஏற்கப்பெற்றன. பழைய இலக்கணமே அறிந்த கருவி இவற்றைக் கண்டவுடன் தவறென்று கூறி, அக்கோப்பை மேலும் ஆராயாது நின்றுவிடும். மெய்யான பிழைகளும் மறைந்துபோம்.

அதுகண்டு கருவியையே விலக்குதல் பேதைமை. 2021இல் வந்த எட்டாம் பதிப்பையேனும் நிறுவி, அமைவுக் கோப்பின் ‘பாசர் ஒப்ஷன்ஸ்’ பகுதியில் ‘எக்மா வேர்ஷன்’ 2022 எனக் குறித்தல் வேண்டும். 2024இல் வந்த ஒன்பதாம் பதிப்பின் புதிய அமைவுமுறையோ, குறிப்பின்றியே அண்மைய இலக்கணத்தைக் கொள்ளும். இலக்கணத்தில் இன்னும் ஏறாத வழக்குகளுக்குப் பேபல் பாகுபடுத்தியை இணைத்தல் தகும்.

கண்டிக்கும் ஆசானை அகற்றுவது கல்வியாகாது. அவர் கையில் புதிய நூலைக் கொடுப்பதே முறையென நம் மாணவர் உளங்கொள்வாராக.