டிக்கியில் பேட்டரி: எந்த வயரிங் ஏற்றது?

1959-ல் வந்த முதல் மினி காரிலேயே பேட்டரி டிக்கியில்தான் இருந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையும் பிஎம்டபிள்யூ இ46 செடானும் அப்படியே. முன்பக்கச் சுமை குறையும்; எஞ்சின் சூட்டிலிருந்தும் பேட்டரி தப்பும். செல்ஃப் மோட்டார் மட்டும் நாலைந்து மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, ஒற்றைக் கேபிள். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குத் தடித்த கேபிள் ஒன்று. ஆல்டர்னேட்டரும் அதிலேயே சேரும். வேலை எளிது, செலவு குறைவு. ஆனால் எஞ்சின் அணைந்திருந்தாலும் அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்கும். விபத்தில் நசுங்கி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கலாம். இதற்காகவே பிஎம்டபிள்யூ பாசிட்டிவ் முனையில் சிறிது வெடிமருந்து வைக்கிறது. மோதியதும் அது வெடித்து செல்ஃப் கேபிளை விடுவிக்கும்; அபாய விளக்குகள் அணையாது. சொந்தமாக வயரிங் செய்பவர் பேட்டரியை ஒட்டியே மெதுவாக உருகும் பெரிய ஃபியூஸ் போட வேண்டும்.

இரண்டாவது, பழைய ஃபோர்டு வண்டிகளில் தனியாக வரும் ஸ்டார்ட்டர் சொலினாய்டை டிக்கியிலேயே பொருத்துவது. சாவியைத் திருப்பும் நொடிகளில் மட்டுமே தடித்த கேபிளுக்கு மின்சாரம் போகும். முன்பக்க ஃபியூஸ் பெட்டிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மெல்லிய கேபிள்கள் தனித்தனியே வரும். பேட்டரி முனையில் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ். இணைப்புகள் கூடும், செலவும் கூடும்.

எந்த வழியானாலும் தடிமனில் சிக்கனம் கூடாது. 5 மீட்டர் தாமிரக் கேபிளில் 200 ஆம்பியர் பாய்ந்தால், 16 சதுர மி.மீ. கேபிள் 1 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். 50 சதுர மி.மீ. கேபிளில் இழப்பு சுமார் 0.35 வோல்ட்தான். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவு. அதே வேலைக்கு ஒன்றரை மடங்குக்கும் அதிகமான பருமன் தேவை.

நெகட்டிவை அருகிலுள்ள பாடி இரும்பிலேயே, பெயின்ட்டைச் சுரண்டி முடுக்கலாம். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையும் அதே அளவு தடித்திருக்க வேண்டும். ஃபைபர் பாடி என்றால் நெகட்டிவுக்கும் முழு நீளக் கேபிள்தான்.

அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ, பேட்டரியை இடம் மாற்றிய கார்களின் பின்புறத்தில் மின் துண்டிப்பு சுவிட்ச் கேட்கிறது. அதை அணைத்தால் எஞ்சினும் நிற்க வேண்டும். ஒற்றைக் கேபிளில் இது சிக்கல்: பேட்டரி விலகினாலும் ஆல்டர்னேட்டர் இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்து எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் கேபிளை சுவிட்சின் பேட்டரிப் பக்கத்தில் இணைத்தால் தீர்ந்தது. இரண்டாவது வழியில் அந்தக் கேபிள் ஏற்கெனவே தனியாக இருக்கிறது.

ஆக, தினமும் சாலையில் ஓடும் காருக்கு ஃபியூஸுடன் ஒற்றைக் கேபிள் போதும். பந்தயக் காருக்கு சொலினாய்ட் வழியே சரி. இரண்டிலும் பேட்டரியின் வாயுக்குழாயை வண்டிக்கு வெளியே விட மறக்க வேண்டாம்.