கடலுக்கு எல்லை வகுத்தவர்



யோபு ஆகமம் 38-ம் அதிகாரத்தில் ஆண்டவர், கடலைக் கதவிட்டு அடைத்து அதன் அலைகளுக்கு எல்லை வகுத்தவர் தாமே என்கிறார். கல்முனைக் கரையோரத்து விசுவாசி ஒருவன் இப்பகுதியை எப்படி வாசிப்பான்? 2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். அன்று காலை மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர் ஊராகக் கடல் புகுந்தது. இலங்கையில் மாண்ட ஏறக்குறைய 35,000 பேரில் 10,000-க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. மாண்டவர்களுள் பெருந்தொகையினர் நம் அயலவரான முஸ்லிம்கள்.

இது பாவத்தின் தண்டனை என்று சொன்னவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். நாம் அப்படிச் சொல்லலாகாது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மடிந்தபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகளோ என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் கூறினார். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாமல் அவனருகே தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியதுதான் வினையாயிற்று! (சாவீட்டுக்குப் போகும் நம்மில் பலருக்கும் இது பொருந்தும்.)

தீமை இருவகை என்று வேதசாஸ்திரிகள் பிரிப்பார்கள். ஒன்று இயற்கையில் நேர்வது. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலத்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே நழுவியது. அதிலிருந்து அலை பிறந்தது. மலைகளை எழுப்புவதும் இதே நிலத்தட்டுகளின் அசைவே. இதை அறிவதால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயர் தீராது. ஆனால் கடவுள் அந்தப் பிள்ளையைக் குறிவைத்தார் என்ற கொடிய எண்ணமாவது நீங்கும்.

மற்றது மனிதர் செய்வது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில், அலையில் வீடிழந்தவர்களுக்கென சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. எந்த இனத்தவருக்கு எத்தனை வீடு என்ற வழக்கு 2008-ல் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்தன, காடும் மண்டிற்று. அலை சில நிமிடங்களில் வந்து போனது. இதற்கு யாரைக் குறை சொல்வது? விசுவாசத்துக்கு இதுவே கடினமான சோதனை என்பது என் எண்ணம். கடல்மீது கோபப்பட்டு ஓய்ந்துவிடலாம். மனிதரோடு நாளையும் வாழ வேண்டுமே.

சோதனை என்றதும் கடவுள் பரீட்சைத் தாளோடு நிற்பதாக எண்ணவேண்டாம். உள்ளிருப்பது எது என்பது துன்பத்தில் வெளிப்படுகிறது, அவ்வளவே. செயலின்றி விசுவாசம் உயிரற்றது என்கிறார் யாகப்பர். உறவுகளை விழுங்கிய அதே கடலுக்கு மீனவர்கள் திரும்பிப் போனார்கள். கரைவலையைத் தனியாளாய் இழுக்க இயலாது. பக்கத்தில் நிற்பவன் கைகொடுக்கவேண்டும். மருதமுனையில் தறிகள் மீண்டும் ஒலித்தன. யோபுவை ஐயூப் நபியென்று அறிந்தவர்கள் அவர்கள். அவருடைய பொறுமையைச் 'சபர்' என்பார்கள்.

இவ்வாரம் யோபு 38 முதல் 42 வரை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். கடலைப் பற்றிய பகுதியைத் தாண்டிச் செல்லவேண்டாம். யோபு கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு அங்கே நேரான பதில் இல்லை. ஆயினும் தம்மோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்றும், தமக்காக வாதாடிய நண்பர்கள் தவறினார்கள் என்றும் ஆண்டவர் தீர்க்கிறார். அது ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.