மாற்றியது மகன், ஆர்.சி. அப்பா பெயரில்

கேள்வி: ஓசூரில் வசிக்கிறேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். என் பெயரில் 2021 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. ஓட்டுவது என் மகன். வயது 24, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போன தீபாவளிக்கு போனஸ் வந்ததும் பெங்களூருக்குப் போய் சைலன்சரை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து தெருவில் யார் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து அவன் வருவது பதினொன்றரை மணிக்கு. தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்கு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிடுகிறான். எதிர் வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. அந்தப் பெண்ணின் மாமனார் இரண்டு முறை நயமாகச் சொல்லிப் பார்த்தார். இனிமேல் போலீசுக்குப் போவதாகச் சொல்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மகனைக் கேட்டால், "பியுசி இருக்கு, கடை பில் இருக்கு, ஊர்ல எத்தனையோ பேர் போட்டிருக்காங்க, சத்தத்தை அளக்க போலீஸ்கிட்ட மெஷினே கிடையாதுப்பா" என்கிறான். அவன் சொல்வது சரியா? மாட்டினால் மாட்டுவது அவனா, நானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் ஐயா, அவசரம் அதில்தான் இருக்கிறது. இரண்டு பேருமே மாட்டலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 190(2) பிரிவு, ஒலி மற்றும் காற்று மாசுத் தரங்களை மீறும் வண்டியை ஓட்டுபவரோடு நிற்பதில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆர்.சி. உங்கள் பெயரில். சத்தம் உங்களுக்குத் தெரியும், அக்கம்பக்கத்தார் சொன்னதும் தெரியும், இருந்தும் சாவி அவன் கையில் இருக்கிறது. 'அனுமதிக்கவில்லை' என்று நீங்கள் சொல்ல முடியாது.

முன்பு இந்தக் குற்றத்துக்கு முதல் தடவை ஆயிரம் ரூபாயோடு போய்விடும். 2019 செப்டம்பர் 1 முதல் நிலைமை மாறிவிட்டது. 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அத்துடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. பெரும்பாலும் சலானோடு முடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஷிப்டுக்குப் போய்வருகிற பையனுக்கு மூன்று மாதம் வண்டி ஓட்ட முடியாமல் போவது, அபராதத்தைவிடப் பெரிய அடி.

182ஏ பிரிவு உங்களைத்தான் தேடி வருகிறது. அதன் நான்காவது உட்பிரிவில் குற்றவாளி, வண்டியின் உரிமையாளர். சட்டமும் விதிகளும் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றினால், வெளியே பாகம் வாங்கிப் பொருத்துவது உட்பட, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. வண்டியில் கை வைப்பதை நீதிமன்றங்களும் இப்போது லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கேரள ஆர்.டி.ஓ. ஒருவர் மேல்முறையீடு செய்த வழக்கில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

அடுத்து, 'மெஷின் கிடையாது'. பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்த காலம் முழுக்க நான் கேட்ட பேச்சு இது. பாதி உண்மை என்பதால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். ஒன்பது இருக்கைக்கு மிகாத பயணிகள் காருக்கு, தயாரிக்கும் கட்டத்தில் உச்ச வரம்பு 74 டெசிபல். அதைச் சோதிப்பது இதற்கென்றே போட்ட ஓடுதளத்தில். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, குறித்த கோட்டைத் தொட்டதும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். இரு பக்கமும் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்திருப்பார்கள். இதை ஓசூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் செய்ய முடியாது. நிறுத்தி வைத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. குழாயின் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி சாய்வில் மைக் வைப்பது. அதற்கும் அளவுத்திருத்தம் செய்த மீட்டர் வேண்டும், சுற்றிலும் அமைதி வேண்டும். செல்போன் செயலி காட்டும் எண்ணை எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள முடியாது.

உங்கள் மகன் படிக்காமல் விட்டது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 120-வது விதி. அதில் இரண்டு பகுதி. டெசிபல் கணக்கெல்லாம் இரண்டாவது பகுதியில். முதல் பகுதி சொல்வது வேறு: எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சத்தத்தை விரிவறை மூலமோ வேறு வழியிலோ இயன்றவரை குறைக்கும் சாதனம் ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இங்கே எண்ணே இல்லை. சாதனம் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச்சும் முட்டி போடுகிற மனசும் போதும்.

நாளைக் காலை நீங்களே பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காரின் அடியில் டார்ச் அடியுங்கள். எஞ்சினை ஒட்டி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். அங்கிருந்து குழாய் பின்னால் வரும். நடுவில் ரெசனேட்டர் என்கிற சின்ன டப்பா, கடைசியில் பெரிய டப்பா. அதைத்தான் நாம் சைலன்சர் என்கிறோம். அதன் உள்ளே தடுப்புத் தகடுகளும் சல்லடைபோல் துளையிட்ட குழாய்களும் இருக்கும். ஒலி அலைகள் அறைக்கு அறை மோதித் திரும்பி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஸ்ட்ரெயிட் பைப் போட்ட வண்டியில் இந்த டப்பாக்கள் இருந்த இடத்தில் வெறும் குழாய்தான் ஓடும். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக, மெல்லிய கோடாக இருக்கும். கடை வெல்டிங் முண்டும் முடிச்சுமாக, சுற்றிலும் நீலம் பாரித்துத் தெரியும். கம்பெனி டப்பாவில் பாக எண் பொறித்திருக்கும்; கடைப் பாகத்தில் அது இருக்காது. இதைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் அறிக்கை எழுதினால், மீட்டர் எங்கே என்று கேட்டுத் தப்ப முடியாது.

காருக்குள் புதிதாக ஏதாவது பட்டனோ ரிமோட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாயில் ஒரு வால்வு வைத்து, போலீசைக் கண்டால் மூடிக்கொள்ளவும் ரோடு காலியானால் திறந்துவிடவும் வசதி செய்து தருகிற கடைகள் உண்டு. சைலன்சர் வழியாக அல்லாமல் புகையை வெளியே விடும் இந்த 'கட் அவுட்'டுக்கு 194எஃப் என்று தனிப் பிரிவே இருக்கிறது. முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000.

பியுசி சர்டிபிகேட் இந்த விஷயத்தில் செல்லாது. அந்த மையத்தில் பெட்ரோல் வண்டிக்கு அளப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். சத்தத்தை அங்கே யாரும் அளப்பதில்லை.

ஆனால் அதைவிட முக்கியமாக மகனிடம் ஒன்று கேளுங்கள்: கழற்றிய பாகமெல்லாம் எங்கே? கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டார்களா? அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கழற்றிய கன்வெர்ட்டருக்கு வெளியே நல்ல விலை உண்டு, அதனால் சில கடைகளில் 'இதுவும் வேண்டாம் தம்பி' என்று தாங்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். 2021 மாடல் என்றால் பிஎஸ்6 வண்டி. கன்வெர்ட்டர் போனால் டாஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால், சென்சாரை ஏமாற்ற ஏதாவது செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் சத்தக் குற்றத்தோடு புகைக் குற்றமும் சேர்கிறது.

கடை பில் ஒரு பொருளை வாங்கியதற்குத்தான் சாட்சி. ரோட்டில் ஓட்டலாம் என்பதற்கு அல்ல. இந்தக் கடைகளை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிற படங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. அதே ஊரில் அதே கடை மறுநாள் திறந்திருக்கும். 182ஏ பிரிவில் சட்டத்தை மீறி வண்டியை மாற்றித் தரும் டீலருக்கு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. மூலைக்கடை மெக்கானிக்கை டீலர் என்று சொல்லலாமா என்ற சந்தில் அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, மாற்றிய சைலன்சர் சத்தத்தைத் தானாகவே வழக்காக எடுத்து அரசை விசாரித்தது. தமிழ்நாட்டிலும் கடைகள் வரை கை நீளாதவரை இருபத்து நான்கு வயதுப் பையன்கள்தான் பலி ஆவார்கள்.

எதிர் வீட்டாருக்கு வேறொரு சட்டமும் துணை இருக்கிறது. ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகள் 2000-இன்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் அப்போது வரம்பு 45 டெசிபல். அதற்கு மேல் 10 டெசிபலோ அதிகமோ போனால் மாவட்ட ஆட்சியரிடமோ டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியிடமோ புகார் கொடுக்கலாம். இந்த 45 தெருவுக்கான வரம்பு, முன்னே சொன்ன 74 வண்டிக்கான வரம்பு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உங்கள் மகன் வருகிற பதினொன்றரையும் கிளம்புகிற ஐந்தும் இந்த இரவுக்குள்தான் விழுகின்றன. ஆர்.டி.ஓ.விடமும் அவர்கள் போகலாம். விதிக்கு உட்படாத வண்டியின் பதிவை நிறுத்தி வைக்க 53-வது பிரிவில் அவருக்கு அதிகாரம் உண்டு.

அந்தக் குழந்தை எப்படித் தூங்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. டப்பா போன குழாயில் மிச்சமாவது அடித்தொனிச் சத்தம். கீச்சென்ற சத்தத்தைச் சுவரும் கதவும் ஓரளவு தடுக்கும். இந்த உறுமல் சுவரைத் தாண்டி வரும், ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் கணினியே சுழற்சியைக் கூட்டி வைக்கும். ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால், அந்த நேரம் முழுக்கத் தெருவே கேட்கிறது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்த ஐந்து நிமிடம் தேவையே இல்லை. அரை நிமிடம் விட்டு, முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும்.

பையனை வில்லனாக்கிவிடாதீர்கள். எஞ்சின் சத்தத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். அதற்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ரேஸ் டிராக் இருக்கிறது. லீவு நாளில் போய் ஆசை தீரக் கேட்கட்டும். பவர் கூடும் என்று கடையில் சொல்லியிருந்தால், டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் எஞ்சினில் சைலன்சரை மட்டும் மாற்றி உணரும் அளவுக்கு ஒன்றும் கிடைக்காது. தெருவில் மெதுவாக ஓட்டும்போது இழுவை குறையவும் கூடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: பழைய பாகங்கள் கடையில் இருந்தால் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அசல் சைலன்சருக்கும், தேவையானால் கன்வெர்ட்டருக்கும் ஆர்டர் கொடுங்கள். கன்வெர்ட்டர் விலை கையைக் கடிக்கும். மாதாமாதம் அவன் சம்பளத்திலிருந்தே கட்டட்டும். பொருத்திய பிறகு ஸ்கேனர் போட்டு எஞ்சின் கணினியில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று பார்த்து, பியுசியைப் புதிதாக எடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். இன்சூரன்ஸ் உங்கள் பெயரில் இருப்பதால் இது அவசியம். இல்லையென்றால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை இழுத்தடிக்க நிறுவனத்துக்கு இடம் கொடுத்துவிடுவோம். பாகம் வரும் வரை சாவி உங்களிடம் இருக்கட்டும், அவன் கம்பெனி பஸ்ஸில் போகட்டும். எதிர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்ல நீங்கள் போக வேண்டாம், அவனையே அனுப்புங்கள்.